போனிலிருந்து கணினிக்கு வயர்லெஸ் பிடிஎஃப் பிரிண்ட்: நடுவில் என்ன நடக்கிறது?

போனில் இருக்கும் ஒரு பக்கத்தை வயர் இல்லாமல் கணினிக்கு பிரிண்ட் கொடுத்து பிடிஎஃப் ஆக எடுப்பது எப்படி என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் ஏதோ ஓர் ஆப்பின் பெயரைச் சொல்வார். இன்னொருவர் வின்டோஸில் பிரிண்டரை ஷேர் செய்துவிட்டால் போதும் என்பார். மூன்றாமவர் புளூடூத்தை ஆன் செய்யச் சொல்வார். இன்டர்நெட் வேகமாக இருந்தால்தான் வேலை செய்யும் என்றும் ஒருவர் அடித்துச் சொல்வார்.

புளூடூத் ஒரு கோப்பைக் கணினிக்குத் தள்ளிவிடும், ஆனால் அது பிரிண்ட் கொடுப்பது அல்ல. இன்டர்நெட் வேகத்துக்கு இதில் வேலையே இல்லை. இன்டர்நெட் அறுந்துகிடந்தாலும் வீட்டு வைஃபை இருந்தால் பிரிண்ட் போகும். மற்ற இரண்டு பதில்களும் பாதி சரி. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டால், அந்தப் பாதி எது என்று உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

## வேண்டியது தாளா, கோப்பா?

அமைப்புகளுக்குள் கைவைக்கும் முன் இந்த ஒரு கேள்விக்கு விடை வேண்டும். உங்களுக்குக் கடைசியில் வேண்டியது அச்சடித்த தாளா, அல்லது கணினியில் ஒரு பிடிஎஃப் கோப்பா?

தாள்தான் வேண்டும், பிரிண்டரிலேயே வைஃபை இருக்கிறது என்றால் கணினியை இழுக்கவே வேண்டாம். போன் நேரடியாக பிரிண்டரோடு பேசிக்கொள்ளும். பிரிண்டர் பழையது, யுஎஸ்பி கேபிளில் கணினியோடு கட்டப்பட்டிருக்கிறது என்றால்தான் கணினி நடுவில் வர வேண்டியிருக்கிறது.

கோப்புதான் வேண்டும் என்றால் இன்னொரு கேள்வி. போனில் இருப்பது ஏற்கெனவே பிடிஎஃப் தானா? ஆம் எனில், தயவுசெய்து அதை பிரிண்ட் கொடுக்காதீர்கள். அப்படியே அனுப்புங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் தவறவிடுவது இதைத்தான்.

பிடிஎஃப் என்பது 1993இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட கோப்பு வடிவம். 2008இல் ஐஎஸ்ஓ தரநிலையாகவும் ஆனது. எந்தச் சாதனத்தில் திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். எழுத்துரு, படம், ஒவ்வொரு வரியும் பக்கத்தில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்ற விவரம் எல்லாம் அதற்குள் இருக்கும். இவை போகத் தாளுக்குத் தேவையே இல்லாத சிலவும் இருக்கும்: சொடுக்கினால் திறக்கும் இணைப்புகள், அத்தியாயப் பட்டியல், நிரப்பும் படிவக் கட்டங்கள், தேடிக் கண்டுபிடிக்கக்கூடிய எழுத்துகள்.

பிரிண்ட் என்று கட்டளை கொடுத்ததும் மென்பொருள் தாளை மட்டுமே நினைக்கிறது. தாளில் இணைப்பைச் சொடுக்க முடியாதே, அதனால் அதைக் கழற்றிவிடும். படிவக் கட்டத்துக்குள் எழுதியது வெறும் மையாகிவிடும். சில வேளைகளில் போன் முழுப் பக்கத்தையும் ஒரு படமாக்கி அனுப்பும். மறுமுனையில் கிடைக்கும் பிடிஎஃப் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஒரு சொல்லைக்கூடத் தேர்ந்தெடுத்து நகலெடுக்க முடியாது. தமிழ் ஆவணங்களில் இது இன்னும் வலிக்கும். எழுத்துகள் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தாலும், நகலெடுத்து ஒட்டினால் கொம்பும் காலும் இடம்மாறிக் குழம்பி வந்து நிற்பது இப்படிப்பட்ட மறு அச்சில் சாதாரணம்.

இதுவரை பார்த்தது: பிடிஎஃப் ஆக இருப்பதை அப்படியே அனுப்பலாம். வலைப்பக்கம், மின்னஞ்சல், படம், ஆப்பில் தெரியும் ரசீது போல இன்னும் பக்கமாக ஆகாதவற்றுக்குத்தான் பிரிண்ட் வழி.

## போனே ஒரு பிடிஎஃப் கருவி

பக்கத்தை பிடிஎஃப் ஆக்கக் கணினி வேண்டும் என்பதும் ஒரு பழைய நம்பிக்கை. ஆண்ட்ராய்டில் 2013இல் வந்த 4.4 பதிப்பு முதலே பிரிண்ட் வசதி இயங்குதளத்துக்குள் இருக்கிறது. ஓர் ஆப்பில் பிரிண்ட் கொடுத்ததும், அந்த ஆப் தன் உள்ளடக்கத்தை முதலில் பிடிஎஃப் ஆகத்தான் வரைந்து கொடுக்கிறது. பிரிண்டர் பிறகுதான் வருகிறது.

பிரிண்ட் திரையின் மேல்பகுதியைப் பாருங்கள். பிரிண்டர் பெயர் வர வேண்டிய இடத்தில் 'பிடிஎஃப் ஆகச் சேமி' என்று ஒன்று இருக்கும். அதைப் பிரிண்டர் பட்டியலிலேயே வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அது ஒரு மெய்நிகர் பிரிண்டர்: ஆப்பின் பார்வையில் பிரிண்டர் போலவே நடந்துகொள்ளும், ஆனால் தாளுக்குப் பதில் கோப்பைக் கக்கும். ஐபோனில் பிரிண்ட் திரையில் தெரியும் பக்க முன்தோற்றத்தை இரண்டு விரலால் விரித்தால் அது பிடிஎஃப் ஆகத் திறக்கும்; அங்கிருந்து சேமிக்கலாம், பகிரலாம்.

இப்படிச் சேமித்த கோப்பைக் கணினிக்கு நகர்த்த வழிகள் ஏராளம். என்னைக் கேட்டால், கணினியில் ஒரு ஃபோல்டரை நெட்வொர்க்கில் பகிர்ந்து வைத்துவிட்டு, போனிலிருந்து அதற்குள் சேமிப்பதுதான் எளிது. ஐபோனின் 'ஃபைல்ஸ்' ஆப்பில் 2019இல் வந்த ஐஓஎஸ் 13 முதல் 'சர்வருடன் இணை' வசதி உண்டு. ஆண்ட்ராய்டில் நெட்வொர்க் ஃபோல்டரைத் திறக்கத் தெரிந்த கோப்பு மேலாளர் ஆப் ஒன்று வேண்டும். மாதத்துக்கு நாலைந்து கோப்பு என்றால் அதுகூட வேண்டாம், உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டால் முடிந்தது.

அப்படியானால் கணினியை பிரிண்டராக மாற்றும் பாடு எதற்கு? இரண்டு காரணம் சொல்லலாம். ஒன்று, கேபிளில் கட்டிய பழைய பிரிண்டரைப் போனிலிருந்து பயன்படுத்துவது. மற்றொன்று, வீட்டிலோ அலுவலகத்திலோ பல பேர் பல போன்களிலிருந்து ஒரே தட்டலில் ஒரே ஃபோல்டருக்குப் பக்கங்களை அனுப்ப வேண்டியிருப்பது. இனி இதற்கான வழி.

## கூடத்தில் ஒரு குரல்

ஒரு பெரிய கூடத்தில் பலர் இருக்கிறார்கள், யார் யார் என்று உங்களுக்குத் தெரியாது. 'இங்கே அச்சடித்துத் தருபவர் யாராவது உண்டா?' என்று உரக்கக் கேட்கிறீர்கள். ஒருவர் 'நான் இருக்கிறேன், வடக்கு மூலையில்' என்கிறார். நீங்கள் அவரிடம் போய், என்ன தாள் வைத்திருக்கிறார், வண்ணம் உண்டா என்று விசாரித்துவிட்டு வேலையை ஒப்படைக்கிறீர்கள். அவர் ஒரு டோக்கன் எண் தருகிறார்.

வயர்லெஸ் பிரிண்ட் நடப்பது இதே வரிசையில்தான். கூடம் என்பது உங்கள் உள்ளூர் நெட்வொர்க், அதாவது ஒரே ரவுட்டரோடு இணைந்த சாதனங்களின் கூட்டம். உரக்கக் கேட்பது தேடல். மூலை என்பது ஐபி முகவரி: நெட்வொர்க்குக்குள் ஒவ்வொரு சாதனத்துக்கும் ரவுட்டர் தரும் எண். விசாரித்து ஒப்படைப்பது அச்சு நெறிமுறை.

தேடல் பகுதிக்கு எம்டிஎன்எஸ் என்று பெயர். ஒரு பெயர்ப் பட்டியலைப் பார்த்துக் கேட்காமல், எல்லோர் காதிலும் விழும்படி ஒரு பொது முகவரிக்குக் கேள்வியை வீசுவது இது. அந்தப் பொது முகவரி 224.0.0.251, போர்ட் 5353. போர்ட் என்பது ஒரு சாதனத்துக்குள் குறிப்பிட்ட வேலைக்கென ஒதுக்கிய எண்ணிட்ட வாசல். ஆப்பிள் இதை பான்ஜூர் என்று அழைக்கிறது, லினக்ஸில் அவாஹி என்ற நிரல் இதைச் செய்கிறது.

பிரிண்டர் கிடைத்ததும் பேசும் மொழி ஐபிபி. இன்டர்நெட் பிரிண்டிங் புரோட்டோகால் என்பதன் சுருக்கம். பெயரில் இன்டர்நெட் இருந்தாலும் வீட்டுக்குள்ளேயே ஓடுகிறது. வலைப்பக்கங்கள் பயணிக்கும் அதே எச்டிடிபியின் மேல், போர்ட் 631 வழியாகப் போகிறது. போன் முதலில் 'உன்னால் என்னென்ன முடியும்?' என்று கேட்கிறது. மறுமுனை தாள் அளவுகளையும் வண்ணத்தையும் ஏற்கும் கோப்பு வகைகளையும் வரிசையாகச் சொல்கிறது. பிறகு போன் பக்கங்களை அனுப்புகிறது, வேலை எண் ஒன்று திரும்பி வருகிறது. போனில் தெரியும் 'பிரிண்ட் ஆகிறது', 'முடிந்தது' எல்லாம் அந்த எண்ணை வைத்துக் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான்.

ஏர்பிரிண்ட், மோப்ரியா என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இரண்டுமே அடியில் எம்டிஎன்எஸ், ஐபிபி என்ற இந்த ஜோடியைத்தான் நம்பியிருக்கின்றன. ஆப்பிளின் ஏர்பிரிண்ட் 2010 நவம்பரில் ஐஓஎஸ் 4.2 உடன் வந்தது. மோப்ரியா என்பது கேனன், எச்பி, சாம்சங், ஜெராக்ஸ் நிறுவனங்கள் 2013இல் சேர்ந்து தொடங்கிய கூட்டமைப்பு. ஆண்ட்ராய்டு 8 முதல் உள்ளேயே வரும் பிரிண்ட் சேவைக்கு அதுவே அடிப்படை. ஒவ்வொரு பிரிண்டருக்கும் தனித்தனி டிரைவர், அதாவது அந்த இயந்திரத்தின் பாஷையில் மொழிபெயர்க்கும் நிரல், போனில் நிறுவ வேண்டாம் என்று ஆனது இதனால்தான்.

கூகுள் கிளவுட் பிரிண்ட் என்று பழைய வழிகாட்டிகளில் பார்த்தால் அத்தோடு மூடிவிடுங்கள். அந்தச் சேவை 2020 டிசம்பர் 31 அன்றே நிறுத்தப்பட்டது.

சுருக்கமாக: தேடல் ஒரு வேலை, ஒப்படைப்பு இன்னொரு வேலை. போனுக்குத் தெரிவதெல்லாம் 'நான் இருக்கிறேன்' என்று சொல்லும் ஒரு குரலும் ஐபிபி பேசும் ஒரு வாசலும்தான். அந்தப் பக்கம் இருப்பது மை நிரப்பிய இயந்திரமா, கணினியில் ஓடும் ஒரு நிரலா என்று போன் பார்ப்பதே இல்லை.

## கணினியை பிரிண்டராக நடிக்க வைப்பது

லினக்ஸில் இந்த நாடகம் மிக இயல்பாக நடக்கிறது, காரணம் கப்ஸ். பிரிண்ட் வேலைகளை வாங்கி, வரிசையில் நிறுத்தி, பிரிண்டருக்கு அனுப்பும் நிரல் அது. லினக்ஸிலும் மேக்கிலும் அதுதான் அடித்தளம், அதன் தாய்மொழியே ஐபிபி.

வேண்டியவை மூன்று: கப்ஸ், அவாஹி, கப்ஸ்-பிடிஎஃப் என்ற மெய்நிகர் பிரிண்டர். உங்கள் லினக்ஸின் மென்பொருள் நிறுவியிலேயே மூன்றும் கிடைக்கும். நிறுவியபின் உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் (localhost) என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து 631 சேர்த்தால் கப்ஸின் நிர்வாகப் பக்கம் திறக்கும். நிர்வாகப் பகுதியில் 'இந்தக் கணினியோடு இணைந்த பிரிண்டர்களைப் பகிர்' என்ற பொருளில் ஒரு கட்டம் உண்டு, அதை டிக் செய்து சேமியுங்கள். அப்புறம் பிடிஎஃப் பிரிண்டரின் தனிப் பக்கத்துக்குப் போய் அதற்கும் பகிர்வு ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது கட்டடத்தின் கதவு, இரண்டாவது அறையின் கதவு. ஒன்றை மட்டும் திறந்துவிட்டு போனைத் திட்டுபவர்கள் அதிகம்.

போனில் இப்போது பிரிண்ட் கொடுத்தால் கணினியின் பெயரோடு ஒரு புது பிரிண்டர் தெரிய வேண்டும். தட்டுங்கள். வேலை முடிந்ததாகப் போன் சொல்லும். கணினியில் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் 'பிடிஎஃப்' ஃபோல்டரைத் திறந்தால், பல நேரம் அங்கே ஒன்றும் இருக்காது!

கோப்பு தொலையவில்லை. ஒவ்வொரு பிரிண்ட் வேலையோடும் ஒரு பயனர் பெயர் வருகிறது. கப்ஸ்-பிடிஎஃப் அந்தப் பெயரில் கணினியில் கணக்கு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அவருடைய ஃபோல்டரில் போடும். போன் அனுப்பும் பெயர் உங்கள் கணக்கின் பெயராக இருக்க வாய்ப்பில்லை, எனவே ஊர்பேர் தெரியாதவர்களுக்கென்று வைத்திருக்கும் 'அனானிமஸ்' ஃபோல்டரில் கொண்டுபோய் வைத்துவிடும். கணினியின் வார் ஃபோல்டருக்குள் ஸ்பூல், அதற்குள் கப்ஸ்-பிடிஎஃப், அதற்குள் அனானிமஸ். அமைப்புக் கோப்பில் அந்த இடத்தை மாற்றிக்கொள்ளலாம், அல்லது அந்த ஃபோல்டருக்கு ஒரு குறுக்குவழியை டெஸ்க்டாப்பில் போட்டுக்கொள்ளலாம். எனக்குக் குறுக்குவழியே போதும் என்று படும்.

தாள்தான் நோக்கம் என்றால் மேலே சொன்னதில் பிடிஎஃப் பிரிண்டருக்குப் பதில் யுஎஸ்பி பிரிண்டரைப் பகிருங்கள். மீதியெல்லாம் அதேதான்.

## வின்டோஸில் எங்கே சிக்குகிறது

வின்டோஸிலும் பிரிண்டரைப் பகிரும் கட்டம் இருக்கிறது. ஆனால் அந்தப் பகிர்வு எஸ்எம்பி என்ற வேறு மொழியில் பேசுகிறது; அது வின்டோஸ் கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஏற்பட்டது. போனின் பிரிண்ட் சேவை கேட்பதோ ஐபிபி. கூடத்தில் நீங்கள் தமிழில் கூவ, மூலையில் இருப்பவருக்குத் தெலுங்கு மட்டும் தெரிந்தால் எப்படியோ அப்படி. பிரிண்டர் இருக்கிறது, பகிர்வும் ஆன், போன் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இதற்கு வெளியார் மென்பொருள் வேண்டும். கணினியில் உட்கார்ந்து, எம்டிஎன்எஸ்ஸில் குரல் கொடுத்து, ஐபிபியில் வேலையை வாங்கி, வின்டோஸ் பிரிண்டருக்கு மாற்றிக்கொடுக்கும் நிரல்கள் பல உள்ளன. உங்கள் நெட்வொர்க்கில் ஒரு வாசலைத் திறந்து வைக்கப்போகிற நிரல் என்பதால், தயாரித்தவர் யார், இன்னும் புதுப்பிக்கிறார்களா என்று பார்த்து இறக்குங்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. வின்டோஸ் 10 முதல் கூடவே வரும் 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' தான் பலரும் முதலில் தேர்ந்தெடுப்பது. அது ஒவ்வொரு முறையும் கோப்புக்கு என்ன பெயர், எங்கே சேமிக்க என்று கணினித் திரையில் ஒரு பெட்டியைத் திறந்து கேட்கும். கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவருக்காக எழுதப்பட்டது அது. நீங்கள் சோபாவில் போனோடு இருப்பது அதற்குத் தெரியாது. பதில் சொல்ல ஆள் இல்லாமல் வேலை வரிசையில் நின்றுவிடும். எனவே, கேட்காமலே ஒரு ஃபோல்டரில் தானாகச் சேமிக்கும் வசதியுள்ள மெய்நிகர் பிரிண்டராகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வெளிப்படையாகச் சொன்னால், வின்டோஸ் மட்டும் வைத்திருப்பவருக்கு பிடிஎஃப் கோப்புதான் தேவை என்றால் இந்த வழியை நான் சொல்லமாட்டேன். போனில் பிடிஎஃப் ஆகச் சேமித்து, பகிர்ந்த ஃபோல்டரில் போடுவது அதே வேலையைப் பாதி சிரமத்தில் முடித்துவிடும்.

## பிரிண்டர் தெரியவே இல்லையா?

கூடத்தை நினைவில் வைத்துக்கொண்டால் பிழை தேடுவது சுலபம். குரல் ஏன் கேட்கவில்லை?

முதல் சந்தேகம்: இருவரும் ஒரே கூடத்தில் இல்லை. போன் மொபைல் டேட்டாவில் இருக்கலாம். அல்லது வைஃபையின் விருந்தினர் நெட்வொர்க்கில் இருக்கலாம். அது மற்ற சாதனங்களைப் பார்க்க முடியாதபடி வேண்டுமென்றே பிரித்து வைக்கப்பட்டது. சில ரவுட்டர்களில் 'ஏபி ஐசொலேஷன்' என்ற அமைப்பு ஆன் ஆகியிருக்கும். ஒரே வைஃபையில் இருந்தும் சாதனங்கள் ஒன்றையொன்று பார்க்காது. விடுதி, கல்லூரி வைஃபைகளில் இது வழக்கம், அங்கே உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. போனில் விபிஎன், அதாவது இணைப்பை வேறொரு நெட்வொர்க் வழியாகத் திருப்பிவிடும் வசதி, ஓடிக்கொண்டிருந்தாலும் குரல் வேறு பக்கம் போய்விடலாம். ஒருவர் 2.4 கிகாஹெர்ட்ஸிலும் மற்றவர் 5 கிகாஹெர்ட்ஸிலும் இருப்பதால்தான் கெட்டது என்று சொல்வார்கள். ஒரே ரவுட்டரின் ஒரே நெட்வொர்க் என்றால் பொதுவாக அது பிரச்சினை அல்ல.

இரண்டாவது: வாசல் சாத்தியிருக்கிறது. ஃபயர்வால், அதாவது வெளியிலிருந்து வரும் இணைப்புகளை வடிகட்டும் காவல், 631ஐயும் 5353ஐயும் தடுத்திருக்கலாம். வின்டோஸில் உங்கள் வீட்டு வைஃபை 'பொது' என்று குறிக்கப்பட்டிருந்தால் கணினி தன்னை மறைத்துக்கொள்ளும். வீட்டு நெட்வொர்க் என்றால் அதைத் 'தனியார்' என்று மாற்றுங்கள்.

மூன்றாவது, பலரும் மறப்பது: கணினி தூங்கிவிட்டது. பிரிண்டராக வேலை செய்ய வேண்டிய கணினி விழித்திருக்க வேண்டும்.

லினக்ஸ் கணினி என்றால் ஒரு நல்ல சோதனை இருக்கிறது. போனின் உலாவியில் கணினியின் ஐபி முகவரியையும், முக்காற்புள்ளியோடு 631ஐயும் அடியுங்கள். கப்ஸ் பக்கம் திறந்தால் வாசல் திறந்தே இருக்கிறது, தேடலில்தான் கோளாறு: அவாஹியையும் 5353ஐயும் பாருங்கள். திறக்காவிட்டால் ஃபயர்வாலோ நெட்வொர்க் பிரிவினையோதான் காரணம். தேடலையும் ஒப்படைப்பையும் இப்படிப் பிரித்துப் பார்த்தாலே பாதி நேரம் மிச்சம்.

ஐபோனில் தனி பிரிண்ட் ஆப் எதையாவது பயன்படுத்தினால், 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதல் உள்ளூர் நெட்வொர்க்கை அணுக அந்த ஆப்புக்கு அனுமதி தர வேண்டும். அனுமதி கேட்கும் பெட்டியை அவசரத்தில் 'வேண்டாம்' என்று தள்ளியிருந்தால், போனின் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய் மாற்றலாம்.

## வெளியூரிலிருந்து பிரிண்ட் கொடுக்கலாமா?

ரவுட்டரில் 631 வாசலை வெளி உலகுக்குத் திறந்துவிட்டால் எங்கிருந்தும் பிரிண்ட் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்களைப் போலவே உலகில் யாரும் அந்த வாசலைத் தட்டலாம். 2024 செப்டம்பரில் கப்ஸோடு வரும் துணை நிரல்களில், குறிப்பாகப் பிற பிரிண்டர்களைத் தேடிச் சேர்க்கும் கப்ஸ்-பிரவுஸ்டு என்பதில், தொலைவிலிருந்தே கணினியில் கட்டளையை ஓட்டவைக்கக்கூடிய ஓட்டைகள் வெளிவந்தன. அவற்றுக்குத் திருத்தங்கள் வந்துவிட்டன, எனவே கணினியைப் புதுப்பித்து வையுங்கள். வீட்டு நெட்வொர்க்குக்குள் மட்டும் இருந்த கணினிகளைவிட 631ஐ வெளியே திறந்து வைத்திருந்தவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

வெளியில் இருக்கும்போது போனில் பிடிஎஃப் ஆகச் சேமித்து மின்னஞ்சலிலோ கிளவுட் ஃபோல்டரிலோ போட்டுவிடுங்கள். அடிக்கடி தேவைப்படுகிறது என்றால் வீட்டு நெட்வொர்க்குக்கு ஒரு விபிஎன் அமைத்து அதன் வழியாக உள்ளே வரலாம். அப்போதும் பிரிண்டர் தானாகத் தெரியாமல் போகலாம், ஏனென்றால் எம்டிஎன்எஸ் கேள்வி பொதுவாக ரவுட்டரைத் தாண்டுவதில்லை. ஆனால் பகிர்ந்த ஃபோல்டரை ஐபி முகவரி கொடுத்தே திறந்துவிடலாம்.